பேசுறவங்க பேரு

எங்க ஸ்கூல்ல கவுன்சிலர் ரூம் எதுன்னு யாராவது கேட்டா, வாட்ச்மேன் அண்ணன் "ஸ்போர்ட்ஸ் சாமான் போட்டு வெச்சிருக்காங்களே, அந்த ரூம்தான்"னு கை காட்டுவாரு. தப்பாச் சொல்லல. ஒரு பக்கம் காத்து போன ஃபுட்பால், ஸ்கிப்பிங் கயிறு, ஆண்டு விழாவுக்குப் பண்ணின அட்டைக் கிரீடம். இன்னொரு பக்கம் என் மேசை, ரெண்டு நாற்காலி, தாயக்கட்டை தொலைஞ்சு போன ஒரு பாம்பு ஏணி அட்டை. ஜன்னலைத் தொறந்தா பூந்தமல்லி ரோட்டுத் தூசி, மூடினா வேர்வை. எல்.கே.ஜி.லேருந்து எட்டாவது வரைக்கும் படிக்கிற பிள்ளைங்க மனசை எல்லாம் நான் இந்த ரூம்லதான் சரி பண்ணணும்.

காலையில அம்பத்தூர்லேருந்து ரெண்டு பஸ் மாறி காட்டுப்பாக்கம் வர்றேன். மெட்ரோ வேலைன்னு ரோட்டை ஒரு நாள் இந்தப் பக்கம் திருப்புவாங்க, மறுநாள் அந்தப் பக்கம். வந்து எறங்கும்போதே பாதி உசுரு போயிருக்கும். மீதிப் பாதியை வெச்சுக்கிட்டு உக்காந்தா, வராண்டாவுல ஒரு டீச்சர் யாரோ ஒரு பையன் காதைப் புடிச்சுக்கிட்டு, "இன்னொரு தடவை பண்ணினே, கவுன்சிலர் மிஸ் ரூம்ல விட்டுட்டு வந்துடுவேன்"னு மிரட்டிட்டு இருப்பாங்க. பூச்சாண்டிக்குச் சம்பளம் கெடையாது, எனக்கு இருக்கு. அதுதான் வித்தியாசம்.

பெத்தவங்களைக் கூப்பிட்டு அனுப்பினா, "எங்க பிள்ளைக்குப் பைத்தியம்ங்கறீங்களா மேடம்?"னுதான் ஆரம்பிப்பாங்க. ஐ.டி.யில இருக்கிறவங்கன்னா லேப்டாப் பையைத் தோள்லேருந்து எறக்காமலே, "எத்தனை தடவை வந்தா சரியாகும்?"பாங்க. இதுக்கு நடுவுல எந்த டீச்சர் லீவு போட்டாலும் அந்தக் கிளாஸ் என் தலையில. கேட்டா, "உங்களுக்குத்தான் பீரியட் கெடையாதே மிஸ்." ஊருக்கு எளச்சவன் புள்ளையார் கோயில் ஆண்டிம்பாங்க. ஸ்கூலுக்கு எளச்சவ கவுன்சிலர்.

சலிச்சுப் போய்தான் எழுதறேன். இருந்தாலும் ஒரு வாரத்தைப் பத்தி எழுதணும்னு தோணிக்கிட்டே இருக்கு.

காலாண்டு லீவு முடிஞ்சு ஸ்கூல் தொறந்து, மழையும் புடிச்சுக்கிட்ட சமயம். திங்கக்கெழம காலையில என் ரூம் வாசல்ல ஒரு அப்பா, ஈர ஹெல்மெட்டோட நின்னாரு. பக்கத்துல அஞ்சாங்கிளாஸ் படிக்கிற அவரோட பொண்ணு. அவரு அம்பத்தூர் எஸ்டேட்ல லேத் பட்டறையில வேலை பாக்கிறவரு. பொறந்து வளந்ததெல்லாம் பூந்தமல்லி. பொண்ணு சட்டையில 'லீடர்'னு போட்ட பேட்ஜ், ஒரு நூல் கூட சாயாம நேராக் குத்தியிருந்தது.

"பேச்சே இல்ல மேடம்"னாரு அவரு. "இங்க பேசல, சரி, ஸ்கூல்னு உட்டுடலாம். ஊட்லயும் பேச மாட்டேன்து. காத்தால யூனிபார்ம் போட்டாப் போதும், வாந்தி எடுக்குது. இன்னா ஏதுன்னு கேட்டா தலைய குனிஞ்சிக்குது. ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சி ஃபாதராண்ட கூட்டினு போயி ஜெபம் கூட பண்ணிக்கினு வந்தோம்."

"டாக்டர் கிட்ட காமிச்சீங்களா?"

"காமிச்சோம். உடம்புல ஒண்ணும் இல்லன்ட்டாரு." ஹெல்மெட்டை இந்தக் கையிலேருந்து அந்தக் கைக்கு மாத்தினாரு. "எங்க அக்கா வேலூராண்ட கீது மேடம். அங்க சிஸ்டருங்க நடத்தற ஹாஸ்டல் ஒண்ணு கீது. எடம் மாறினா சரியாப்பூடும்னு எல்லாரும் சொல்றாங்கோ. இதோட அம்மாவும் அழுதுகினே சரின்ட்டாங்கோ. வெள்ளிக்கெழம டி.சி. வாங்கிக்கறேன். ஷிப்ட்டு மாத்திக்கினு வரணும், அத்தொட்டு இப்பவே சொல்லிட்டேன்."

ஹாஸ்டல்ங்கற வார்த்தை வந்ததும் அந்தப் பொண்ணு அப்பா சட்டை நுனியைப் புடிச்சுக்கிட்டா. முறுக்கி, விரல்ல சுத்தி, விடவே இல்ல. "உனக்குப் போக இஷ்டமாடா?"னு நான் கேட்டேன். இல்லைன்னு தலையை ஆட்டினா. அவங்க அப்பா அதைப் பாத்துட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாரு. அவருக்கும் அனுப்ப மனசில்ல. வேற வழி தெரியல, அவ்வளவுதான்.

அப்போ என் கையில இருந்தது வெள்ளிக்கெழம வரைக்கும். ஒரு பிள்ளை ஏன் வாயை மூடிக்கிச்சுன்னு அதுக்குள்ள கண்டுபுடிக்கணும். இல்லன்னா பத்து வயசுல பெத்தவங்களை விட்டுட்டு அவ பொட்டியைத் தூக்கணும்.

அவரு வேலைக்குக் கெளம்பினதும் பொண்ணை உக்கார வெச்சு பாம்பு ஏணி ஆடினோம். தாயக்கட்டைக்குப் பதிலா புளியங்கொட்டையை ஒரு பக்கம் தேய்ச்சு வெச்சிருக்கேன், காய்க்குப் பதிலா சட்டைப் பொத்தான். ஒழுங்கா ஆடினா. பாம்பு கடிச்சா எறங்கினா, ஏணி வந்தா ஏறினா. நான் ஒரு கட்டம் தப்பா வெச்சப்போ என் பொத்தானைச் சரியான கட்டத்துல எடுத்து வெச்சா. வாய் மட்டும் தொறக்கல. கெணத்துல போட்ட கல்லு.

இந்த வேலையில மொதல்ல கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணு இருக்கு. யாராவது தொட்டாங்களா, வேன்ல, வீட்ல, மாடிப்படியில, யாராவது எதையாவது யார் கிட்டயும் சொல்லாதேன்னாங்களான்னு. படம் வெச்சுக் காமிச்சு, மெதுவா, சுத்தி வளைச்சுக் கேட்டேன். தலையை ஆட்டிக்கிட்டே வந்தா. பயந்த ஆட்டல் இல்ல, நிஜமாவே இல்லைங்கற ஆட்டல். இத்தனை வருஷத்துல அந்த வித்தியாசம் எனக்குத் தெரியும். அது இல்லன்னு ஆனப்புறம்தான் அன்னிக்கு டிபன் டப்பாவையே தொறந்தேன்.

மத்தியானம் எச்.எம். மேடம் கிட்ட போனேன். "வீட்லதான் ஏதோ இருக்கும் மிஸ்"னாங்க. "நம்ம கிட்ட என்ன பிரச்சினை? அந்தக் கிளாஸ்லயே அமைதியான பொண்ணு அவதான். அதனாலதான் லீடராவே போட்டோம்." எனக்குச் சுருக்குன்னு கோவம் வந்தது. எங்க ஊர் ஸ்கூல்கள்ல பேசாத பிள்ளைதான் நல்ல பிள்ளை. அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது 'ப்ரெசென்ட் மிஸ்' சொல்றதைக் கூட அவ நிறுத்தி, வெறும் கையை மட்டும் தூக்க ஆரம்பிச்சு எத்தனை நாளாச்சோ, யாருக்குத் தெரியும்? பெத்தவரு வந்து சொன்னப்புறம்தான் எங்களுக்கே தெரியுது.

செவ்வாக்கெழம இன்னொரு சொமை வந்து சேந்தது. அவளோட கிளாஸ் மிஸ் நெறமாசம். டாக்டர் படுத்துக்கோன்னு சொல்லிட்டாருன்னு திடீர்னு லீவு போட்டுட்டாங்க. எச்.எம். என் ரூமை எட்டிப் பாத்து, "அஞ்சு பி-யை இந்த வாரம் கொஞ்சம் பாத்துக்கோங்க மிஸ், வேற ஆள் வர்ற வரைக்கும்"னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. நாப்பது பிள்ளைங்க. கணக்கு, சயின்ஸ், கூடவே யாருக்கு மூக்குல ரத்தம், யாரு யாரைக் கிள்ளினாங்கங்கற பஞ்சாயத்து. மனசுக்குள்ளயே நாலு வார்த்தை திட்டிட்டு டஸ்டரை எடுத்துக்கிட்டுப் போனேன்.

உள்ள போனா, கரும்பலகை ஓரத்துல ஒரு கட்டம். மேல 'பேசுறவங்க'ன்னு தலைப்பு. அதை யாரும் அழிக்கறதே இல்ல போல, அடியில மட்டும் பேரு மாறும். நீங்களும் இதையெல்லாம் பாத்து வந்தவங்கதான், நான் வெளக்க வேண்டியதில்ல. டீச்சர் வெளிய போனா லீடர் எந்திரிச்சு சாக்பீஸோட போர்டு பக்கத்துல நிக்கணும். பேசுறவங்க பேரை எழுதணும். டீச்சர் வந்து அந்தப் பேருங்களை நிக்க வைப்பாங்க.

ஆபீஸ்லேருந்து கூப்பிட்டாங்கன்னு நான் வாசலைத் தாண்டினதும், யாரும் சொல்லாமலே அந்தப் பொண்ணு எந்திரிச்சா. சாக்பீஸை எடுத்தா. நான் திரும்பி வரும்போது ஆறேழு பேரு எழுதியிருந்தா, எழுத்து ஒவ்வொண்ணும் அச்சடிச்ச மாதிரி. முதல் பேரு அவ பக்கத்து சீட்டுல உக்கார்றவளோடது.

அப்புறம் நோட்டு குடுக்கச் சொன்னேன். லீடர்தான் குடுக்கணுமாம். அவ ஒவ்வொரு பெஞ்சா வெச்சுக்கிட்டே போனா. ஒரு பிள்ளை கூட அவ கையிலேருந்து வாங்கல. அவ பெஞ்ச் மேல வெச்சு, ஒரு அடி தள்ளிப் போனப்புறம்தான் எடுத்தாங்க. சாப்பாட்டு நேரத்துல அவ பெஞ்சுல அவ மட்டும். பக்கத்து சீட்டுக்காரி டப்பாவைத் தூக்கிட்டுப் பின்னாடி போயிட்டா. நான் பாத்துக்கிட்டே இருந்தேன். சோறு எறங்கல.

பக்கத்து சீட்டுக்காரி கண்ணாடி போட்ட, குண்டுக் கன்னம் வெச்ச பொண்ணு. பத்து பேரு பேச்சை ஒருத்தியே பேசுவா. அவளைத் தனியா மாடிப்படிக்குக் கூட்டிட்டுப் போனேன்.

"ஏண்டா, லீடர் கூட யாருமே பேச மாட்டேங்கறீங்க?"

"காய் மிஸ்."

"யாரு?"

"எல்லாருமே."

காய்னா என்னன்னு நான் கேக்கல. சுண்டுவிரலை நீட்டினா காய், அதோட பேச்சு முறிஞ்சது. ரெண்டு விரலை நீட்டினா பழம், திரும்பவும் சேத்தி. நானும் விட்டிருக்கேன், என் பொண்ணும் விட்டிருக்கா. ஆனா ஒரு கிளாஸ் முழுக்கச் சேந்து ஒரே ஒரு பிள்ளைக்கா? எனக்கு ரத்தம் தலைக்கேறிடுச்சு.

"நாப்பது பேரு சேந்து ஒரு பொண்ணுக்குக் காய் விட்டிருக்கீங்களே, வெக்கமா இல்ல?"

அந்தக் குட்டி கண்ணாடிக்கு மேல என்னைப் பாத்தா. இது கூடத் தெரியாம என்ன மிஸ்ஸுன்னு கேக்கற பார்வை. "நாங்க எங்க மிஸ் விட்டோம்? அவதான் எங்களுக்கு விட்டா."

"யாருக்கு?"

"எல்லாருக்கும்தான். லீவுக்கு முன்னாடி ஒரு நாள் இன்டர்வெல்ல. ஃபர்ஸ்ட் எனக்கு விட்டா. அப்புறம் பெஞ்ச் பெஞ்சா போயி ஒவ்வொருத்தருக்கா விட்டா. அழுதுக்கிட்டே விட்டா மிஸ்."

"எதுக்கு?"

"மிஸ் சொன்னாங்கல்ல? அன்னிக்கு நான் பேசினேன், அவ என் பேரை எழுதல. கிளாஸ் மிஸ் கண்டுபுடிச்சுட்டாங்க. 'ஃப்ரெண்டுன்னுதானே எழுதாம விட்டே? லீடருக்கு ஃப்ரெண்டே இருக்கக் கூடாது'ன்னு திட்டினாங்க. அப்புறம்தான் அவ எல்லாருக்கும் காய் விட்டா."

நான் அந்தப் படியிலயே உக்காந்துட்டேன். மழைத் தண்ணி பட்டுப் படி ஈரமா இருந்தது, பொடவை நனைஞ்சது கூட அப்புறம்தான் தெரிஞ்சது. சொன்ன சொல்லைத் தட்டாத பிள்ளைன்னு எல்லாரும் புகழ்ந்தாங்களே, அது நெஜம்தான். மிஸ் சொல்லிட்டாங்க, ஃப்ரெண்டு இருக்கக் கூடாதுன்னு. அதை எப்படிச் செய்யறதுன்னு பத்து வயசுப் பிள்ளைக்குத் தெரிஞ்ச ஒரே வழி அதுதான். ஒவ்வொரு பெஞ்சா போயி, ஒருத்தரைக் கூட விடாம, அழுதுக்கிட்டே விரலை நீட்டியிருக்கா. எங்க வேலையில எத்தனையோ சோகம் கேக்கறோம். இந்த மாதிரி ஒண்ணு கேட்டதில்ல.

"சரி, நீயாவது போயி பழம் விட்டிருக்கலாமே?"

"அது எப்படி மிஸ்? யாரு மொதல்ல காய் விட்டாங்களோ அவங்கதான் மொதல்ல பழம் விடணும். நாம விட்டா செல்லாது." சொல்லிட்டு, "நான் தெனமும் பாப்பேன் மிஸ், விடுவாளான்னு"ன்னா. கண்ணாடியைக் கழட்டிப் பாவாடையில தொடைச்சா. "விடவே மாட்டேங்கறா. லீடர் ஆச்சே."

சாயங்காலம் பஸ் ஸ்டாப்புல நின்னுக்கிட்டே கிளாஸ் மிஸ்ஸுக்கு போன் பண்ணினேன். திட்டணும்னுதான் பண்ணினேன், மறைக்கல. விஷயத்தைச் சொன்னேன். "நானா மிஸ்? அப்படியா சொன்னேன்? எனக்கு நெனப்பே இல்லையே"ன்னாங்க. குரல் கம்மிடுச்சு. "காலு ரெண்டும் வீங்கி நிக்க முடியாம நின்னுக்கிட்டிருந்தேன். ஒரு பத்து நிமிஷம் சத்தமில்லாம இருந்தாப் போதும்னு இருக்கும். வாயில வந்ததைச் சொல்லியிருப்பேன். ஐயோ, அந்தப் பிள்ளை." அழறாங்கன்னு தெரிஞ்சுது. அதுக்கு மேல என்னத்தைத் திட்டறது? படுத்து ரெஸ்ட் எடுங்க, நான் பாத்துக்கறேன்னு சொல்லிட்டு வெச்சுட்டேன்.

புதன்கெழம எச்.எம். கிட்ட எல்லாத்தையும் சொன்னேன். மெதுவாப் போகணும், பிள்ளைங்களே பண்ணணும், நாம நடுவுல பூரக் கூடாதுன்னு சொல்லிக்கிட்டிருக்கும்போதே அவங்க எந்திரிச்சுட்டாங்க. "இவ்வளவுதானா? அஞ்சு நிமிஷ வேலை மிஸ் இது. நீங்க எல்லாம் ரொம்ப யோசிக்கிறீங்க."

நேரா அஞ்சு பி-க்குள்ள போனாங்க. கிளாஸே எந்திரிச்சு நின்னது. அந்தப் பொண்ணைக் கூப்பிட்டு முன்னாடி நிறுத்தினாங்க. "எல்லாரும் கையைத் தூக்குங்க. லீடருக்குப் பழம் விடுங்க. நீயும் விடும்மா. ம், ஒன், டூ, த்ரீ." நாப்பது கை, ரெண்டு ரெண்டு விரலா மேல போச்சு. அந்தப் பொண்ணும் தூக்கினா, சொன்னதைச் செய்யறவளாச்சே. எச்.எம். ரொம்ப சந்தோஷமா எல்லாருக்கும் ஒரு 'குட்' சொல்லிட்டு, வாசல்ல என் கிட்ட, "பாத்தீங்கல்ல?"ன்னாங்க. அவங்க கெட்டவங்க இல்ல. பத்து விஷயத்துக்கு நடுவுல ஒண்ணை முடிச்ச நிம்மதி அவங்க மொகத்துல தெரிஞ்சுது.

சாப்பாட்டு நேரத்துல போய்ப் பாத்தேன். அவ பெஞ்சுல அவ மட்டும். பின்னாடியிருந்து ஒரு குரல் எனக்குச் சேதி சொல்லிச்சு: "எச்.எம். விடச் சொன்ன பழம் செல்லாது மிஸ்."

தெரியும்டா கண்ணுங்களா, எனக்கும் தெரியும்னு நெனச்சுக்கிட்டேன்.

ராத்திரி பூரா அதேதான் மண்டையில ஓடிச்சு. அவ வாயைக் கட்டி வெச்சிருக்கிறது அந்த பேட்ஜ். ஒரு வார்த்தை பேசினாலும் ஸ்கூல் கதை வெளிய வந்துடும்னு வீட்லயும் மூடிக்கிட்டிருக்கா. அதைக் கழட்டணும். ஆனா ஒரு பிள்ளை கிட்டேருந்து அதுக்குக் கெடைச்ச பெருமையைப் புடுங்கறது எங்க வேலையில செய்யவே கூடாத காரியம். அந்த பேட்ஜ் குத்தினன்னிக்கு அவங்க அம்மா போட்டோ எடுத்து மாதா கோயில்ல எல்லாருக்கும் காமிச்சாங்களாம். கழட்டினதும் 'என் மேல என்ன தப்பு'ன்னு அவ இன்னும் உள்ள போயிட்டா? வேலூர்லேருந்து கூட அவளைத் திருப்பிக் கூட்டிட்டு வந்துடலாம், அங்கேருந்து முடியாது. எனக்குப் பயமாத்தான் இருந்தது.

வியாழக்கெழம கடைசி பீரியடுக்கு முன்னாடி அவளை என் ரூமுக்குக் கூட்டிட்டு வந்தேன். சுத்தி வளைக்கத் தெம்பில்ல. "கண்ணு, உங்க மிஸ் லீவுல போயிட்டாங்க. இப்போ நான்தான் கிளாஸ் மிஸ். எனக்கு லீடர் வேண்டாம்"னேன். "நீ நல்லாத்தான் பண்ணினே. உன்னை மாதிரி யாரும் பண்ண முடியாது. ஆனா என் கிளாஸ்ல லீடர்னு ஒருத்தரு கெடையாது. கத்தினா நானே கத்தி அடக்கிக்கறேன். அந்த பேட்ஜை என் கிட்ட குடுத்துடு."

அவ என் மொகத்தையே பாத்தா. கை மேல போச்சு. ஊக்கு சீக்கிரம் கழலல. நான் உதவிக்குப் போகல. அவளாக் கழட்டினா. மேசை மேல, அந்த அட்டைக் கிரீடத்துக்குப் பக்கத்துல வெச்சா. நான் அவ வாயையே பாத்துக்கிட்டு இருந்தேன். அழுவாளோ, வாந்தி எடுப்பாளோன்னு.

"அப்போ நான் பேசலாமா மிஸ்?"

ரொம்ப நாள் தொறக்காத கதவு மாதிரி கரகரன்னு இருந்தது குரல். "பேசுடா"ன்னேன்.

"எல்லார் கூடயுமா?"

"எல்லார் கூடயும்."

"கிளாஸ் மிஸ் திட்ட மாட்டாங்களா?"

"நான்தானே கிளாஸ் மிஸ். நானே சொல்றேன், போ." இந்த மாத்து டீச்சர் வேலையை எத்தனை தடவை திட்டியிருப்பேன்! எல்லாத்தையும் அந்த நிமிஷம் வாபஸ் வாங்கிட்டேன். வெறும் கவுன்சிலரா இருந்திருந்தா அந்த பேட்ஜைக் கேக்க எனக்கு என்ன அதிகாரம்?

அவ வாசல் வரைக்கும் போயிட்டு நின்னா. "ஹாஸ்டலுக்கு?"ன்னு மட்டும் கேட்டா. பொய் சொல்ல மனசு வரல. "அதை உங்க அப்பாதான்டா சொல்லணும்"னேன். தலையாட்டிட்டுப் போனா.

வெள்ளிக்கெழம காலையிலேருந்து அடை மழை. முதல் பீரியட் ஒண்ணும் நடக்கல. ரெண்டாவதும் போச்சு. அவ உக்காந்த எடத்தை விட்டு அசையல. சட்டையில பேட்ஜ் இருந்த எடத்தைத் தடவிக்கிட்டே இருந்தா. கிளாஸே அதைப் பாத்துடுச்சு, கிசுகிசுன்னு ஒரு சத்தம் ஓடிச்சு. பக்கத்து சீட்டுக்காரி மட்டும் நேரா போர்டையே பாத்துக்கிட்டு இருந்தா. ஆபீஸ்ல டி.சி. டைப் பண்ணி ரெடியா இருந்தது, நானே பாத்துட்டுத்தான் வந்தேன். அவங்க அப்பா சாப்பாட்டு பெல்லுக்குள்ள வந்துடுவாரு.

மூணாவது பீரியட் பின்னக் கணக்கு. போர்டுல எழுதிக்கிட்டிருந்தேன். பின்னாடி பெஞ்ச் நகர்ற சத்தம் கேட்டுது. திரும்பல. திரும்பினா இதுவும் எச்.எம். விடச் சொன்ன பழம் ஆயிடும். எழுதின கணக்கையே இன்னொரு தடவை எழுதினேன். செருப்புச் சத்தம் ஒரு பெஞ்ச் தாண்டிச்சு, இன்னொரு பெஞ்ச் தாண்டிச்சு. ஒவ்வொரு எடத்துலயும் கொஞ்சம் நின்னுச்சு. யாரும் பேசல. மழை மட்டும்தான். சாக்பீஸ் என் கையில வேர்வையில ஊறிடுச்சு.

ஒரு சுத்து வந்துட்டா போல. சத்தம் அவ பெஞ்சுல வந்து நின்னுச்சு. அப்போதான் அந்தக் குண்டுக் கன்னத்துக்காரி வாயைத் தொறந்தா.

"எனக்குத்தானே ஃபர்ஸ்ட் காய் விட்டே? எனக்கு மட்டும் எதுக்குடி லாஸ்ட்டு பழம்?"

"உனக்கு விடத்தான் பயமா இருந்துச்சு."

"என்னாத்துக்குப் பயம்? நான் என்ன பேயா?"

"நீ விட மாட்டியோன்னு!"

"லூசு! தெனம் பாத்துக்கினே இருந்தேன்டி. ஒரு நாளாவது திரும்பிப் பாத்தியா நீ?"

"எப்படிப் பாக்கறது? லீடரு! மிஸ்ஸு சொல்லிட்டாங்க! நீ வந்து கேக்க வேண்டியதுதானே?"

"செல்லாதுடி! ரூல்ஸ் தெரியாதா உனக்கு?"

அவ்வளவுதான். ஆளாளுக்கு ஞாயம் சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க. மொதல் பெஞ்சும் கடைசி பெஞ்சும் கத்திச்சு. யாரோ டெஸ்க்கைத் தட்டினாங்க. நான் திரும்பினப்போ ரெண்டு பேரும் எதிரெதிரா நின்னுக்கிட்டு, கண்ணுல தண்ணி ஊத்த ஊத்தச் சண்டை போட்டுக்கிட்டிருந்தாங்க. கீழே மட்டும் ரெண்டு விரலோட ரெண்டு விரல் கோத்திருந்தது, விடவே இல்ல. கிளாஸ்லயே ஒசத்தியான குரல் லீடரோடது. எத்தனை வாரத்துப் பேச்சு அது.

வராண்டா ஜன்னல்ல ஒரு ஆள் நிழல். ரெயின்கோட்டுல தண்ணி சொட்டச் சொட்ட அவங்க அப்பா. ஆபீசுக்குப் போற வழியில நின்னுட்டாரு.

"இன்னா மேடம், மீன் மார்க்கெட் மாதிரி கீது?"

"யாரு குரல்னு கேளுங்க."

கேட்டாரு. கம்பியைப் புடிச்சுக்கிட்டு, கழுத்தை நீட்டி, கண்ணை இடுக்கிப் பாத்தாரு. அவருக்கு மொதல்ல புடிபடல. அப்புறம் புடிபட்டுது. மொகம் என்னமோ ஆச்சு. அவசர அவசரமா ரெயின்கோட்டுக்குள்ள கையை விட்டு போனை எடுத்து வீட்டுக்குப் போட்டாரு.

"தோ, பேசுதுமே... நம்ம பொண்ணுதாம்மே... ஆமா, கத்துது... டி.சி.யா? இன்னும் வாங்கல... வாணாம்மே, வாணாம். இரு, நீயே கேளு." போனைக் கம்பிக்குள்ள நீட்டிப் புடிச்சுக்கிட்டாரு. நான் போர்டு பக்கம் திரும்பிக்கிட்டேன். எனக்கும் யாரும் என் மொகத்தைப் பாக்க வேண்டாம்னு இருந்தது.

அந்த நேரம் பாத்து ஆயாம்மா வந்து நின்னாங்க. "எச்.எம். மேடம் கேக்கறாங்க, அஞ்சு பி-யில இன்னா சத்தம்னு. லீடர் யாரு, பேசுறவங்க பேரை எழுதி அனுப்பச் சொல்லுன்னாங்க."

நான் கையில இருந்த சாக்பீஸைப் பாத்தேன். போனைக் கம்பிக்குள்ள நீட்டின கையை எடுக்காமலே அவங்க அப்பா சொன்னாரு.

"மொதல்ல எம் பொண்ணு பேர எழுதுங்க மேடம்."

கொட்டை எழுத்துல எழுதினேன்.